நள்ளிரவில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு

வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாறு

தென்காசிக்கு வடமேற்கே, மலையடிவாரத்தில் அனுமன் நதி பாயும் வடகரையில் இன்று ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டால் வீட்டார் முதலில் கூப்பிடுவது ஆம்புலன்ஸை. அவளுடைய பாட்டிக்கு வலி கண்டபோது முதலில் ஆள் ஓடியது மருத்துவச்சியின் வீட்டுக்கு. பண்பொழியிலும் அச்சன்புதூரிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இந்த மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கின்றன. இரண்டே தலைமுறைக்குள் பெண்களின் மனம் இத்தனை தூரம் திரும்பியது சாமானிய விஷயம் அல்ல.

அந்த மனம் திரும்பாமல் கல்லாக இருந்த காலத்தில், அதன் எதிரே வந்து நின்றவர் ஒரு அமெரிக்கப் பெண்மணி. அவருடைய பெயரை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஆனால், அவர் டாக்டராக வேண்டும் என்று ஒருநாளும் ஆசைப்பட்டவர் அல்ல என்பது பலருக்குத் தெரியாது.

ஐடா சோஃபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தாள். ஐந்து ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். ஸ்கடர் குடும்பம் மூன்று தலைமுறையாக நம் நாட்டில் வேர்விட்ட குடும்பம். பாட்டனார் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நன்றாக நடந்துகொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு 1819-ல் கப்பலேறியவர். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்துவிட்டுப் பிற்பாடு சென்னைப் பக்கம் வந்தார். அவருடைய பிள்ளைகளும் மிஷன் ஊழியத்துக்கே வந்தார்கள். ஐடாவின் தகப்பனாரும் ஒரு டாக்டர்தான். அவர் பெயரும் ஜான்தான்.

குழந்தைக்கு ஆறு வயது நடக்கும்போது தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தை நம் ஊர்க் கிழவிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். பசியால் கை தூக்கவும் சக்தியற்ற குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளைப் பிட்டு ஊட்டும் வேலை இந்தச் சிறுமிக்கு வந்து சேர்ந்தது. ஊட்டியும் பிழைக்காத குழந்தைகளை வழியோரத்தில் பார்த்தாள். கொஞ்ச காலத்தில் குடும்பம் அமெரிக்கா போயிற்று. அங்கே பெற்றோர் ஒருவர் பின் ஒருவராக அவளைச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டு மறுபடியும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். தாயைப் பிரிந்த துக்கம் அவளை நெடுநாள் வாட்டியது. இந்தியா என்றாலே பஞ்சம், வெயில், பிரிவு என்று அவள் மனத்தில் பதிந்துவிட்டது. நார்த்ஃபீல்டு பள்ளிக்கூடத்தில் துடுக்கும் சிரிப்புமாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு, அமெரிக்காவிலேயே கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக வாழவேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இருக்கவில்லை.

1890-ல் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. தாயார் தேறும்வரை கூட இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று திண்டிவனம் வந்து சேர்ந்தாள்.

திண்டிவனத்து இரவு

அந்த நாளில் ஒருநாள் இரவு ஐடா விளக்கருகில் உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமண இளைஞர். அவருடைய மனைவி பதினான்கு வயதுப் பெண். பிரசவ வேதனையில் கிடந்தாள். மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ஐடா அப்பாவைக் கூப்பிட எழுந்தாள். அந்த மனிதரோ தயங்கினார். ஓர் ஆண் டாக்டர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பார்க்க அவருடைய குல ஆசாரம் இடம் கொடுக்காது. அவருக்கு வேண்டியது ஐடாதான். ஐடாவுக்கோ வைத்தியம் ஒன்றும் தெரியாது. வந்தவர் வந்த வழியே போய்விட்டார்.

சிறிது நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே ஆபத்து. கோஷாவில் இருக்கும் பெண்ணின் முகத்தை அந்நிய ஆடவன் பார்ப்பது அவருக்கும் ஒவ்வாது. அவரும் போனார். மூன்றாவது முறை தட்டியவர் வேறொரு மேல்சாதி இந்து. மூவருக்கும் ஜாதியும் மதமும் வேறு. பதில் மட்டும் ஒன்று.

அன்றிரவு ஐடா தூங்கவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்ததில் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று தெரியவந்தது. அந்தக் காலையில்தான் அவள் தாயும் தகப்பனாரும் இருந்த அறைக்குப் போய், அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வருவதாக அறிவித்தாள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த மூன்று கணவர்களையும் திட்டிவிட்டு மேலே போய்விடுவார்கள். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர்கள் மனைவியிடம் பிரியம் இல்லாதவர்கள் அல்ல. பிரியம் இல்லாதவன் நடுநிசியில் அந்நியர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டமாட்டான். உள்ளே கிடந்த பெண்களைக் கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? அவர்களிலும் அநேகர் ஆண் டாக்டர் வருவதைக் காட்டிலும் உயிரை விடுவது மேல் என்றே சொல்லியிருக்கக் கூடும். அவர்களுக்கு அப்படித்தான் கற்பிக்கப்பட்டிருந்தது.

வீடும் ஆஸ்பத்திரியும்

அந்தக் காலத்துக் கிராமப் பெண்ணுக்கு வீட்டில் பிள்ளை பெறுவது என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஐடா அம்மையாரின் பாடு விளங்காது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து அழைத்து வந்தபின், பெண் தன் சொந்த மண்ணில், அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பாள். வலி கண்டதும் ஓர் ஒதுக்கமான அறை. சில வீடுகளில் மாட்டுக்கொட்டிலின் ஒரு பக்கம். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொள்வதும், குத்துக்காலிட்டு உட்கார்வதும், முதுகை ஒரு பெரியவள் தாங்கிக்கொள்வதும் வழக்கம். மருத்துவச்சி பெரும்பாலும் தாய்க்குப் பின் மகளாக அந்தத் தொழிலுக்கு வந்தவள். வீட்டாரின் இரண்டு மூன்று தலைமுறையும் அவள் கையில் விழுந்தவர்களாகவே இருப்பார்கள். கூலி நெல்லும் சேலையும் வெற்றிலை பாக்கும். பிறகு சுக்கும் பெருங்காயமும் சேர்ந்த காயமருந்து, வேப்பிலை போட்ட வெந்நீர், தீட்டுக் கழியும் நாள்.

இதில் நல்லது இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. பத்துப் பிரசவத்தில் எட்டு ஒன்பது தானாகவே சுகமாக முடிந்துவிடும். குத்துக்காலிட்டுப் பெறுவது சௌகரியம் என்று இக்காலத்து டாக்டர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். பெண்ணுக்குத் தைரியம் சொல்ல ஆள் பக்கத்தில் இருப்பதும் நல்லதே. ஆனால் மிச்சமுள்ள ஒன்றிரண்டில்தான் யமன் உட்கார்ந்திருந்தான். பதின்மூன்று பதினான்கு வயதில் கர்ப்பமானவளின் இடுப்பெலும்பு முழு வளர்ச்சி அடைந்திருக்காது; குழந்தையின் தலை வெளிவர வழி இருக்காது. இரண்டு நாள், மூன்று நாள் வலி. பிழைத்தாலும் மூத்திரப் பையில் துவாரம் விழுந்து, ஆயுள் முழுக்க நனைந்த சேலையோடு கணவன் வீட்டாரால் ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடி விழாமல் உதிரம் பெருகினால் ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். கழுவாத கையால் உள்ளே தொட்டால் ஜன்னி. அரிவாளாலோ மூங்கில் சிம்பாலோ தொப்புள்கொடியை அறுத்துச் சாம்பலோ சாணமோ வைத்தால், ஒரு வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல் தாடை இறுகி விறைத்துப் போகும். அதைத் தோஷம் என்பார்கள்.

அப்படியிருந்தும் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை? அறியாமை என்று ஒரே வார்த்தையில் முடிப்பது சுலபம். அது பாதி நிஜந்தான். ஆஸ்பத்திரிக்கு அவர்கள் கொண்டுபோகப்பட்டது மூன்றாம் நாள், வண்டியில், நினைவு தப்பிய பிறகு. போனவள் பிணமாகத் திரும்பினாள். அதைக் கண்ட அடுத்த வீட்டுப் பெண், ஆஸ்பத்திரிதான் கொல்கிறது என்று தீர்மானித்தால் அவளைக் குறை சொல்ல முடியுமா? ஐரோப்பாவிலேயே ஒரு காலத்தில் அது மெய்யாக இருந்தது. வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்த்த டாக்டர்களாலேயே தாய்மார் கூட்டங்கூட்டமாக ஜன்னி கண்டு மாண்டார்கள். 1847-ல் செம்மல்வைஸ் என்னும் டாக்டர் எல்லோரையும் கையைக் குளோரின் நீரில் கழுவ வைத்த பிறகே சாவு குறைந்தது. அதற்கும் அவருக்குக் கிடைத்தது பரிகாசம். சென்னையில் 1844 முதலே பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. கிராமத்துப் பெண்ணுக்கு அது சீமை மாதிரி. மேலும், மூத்த குழந்தைகளுக்கு யார் சோறு போடுவது, மாட்டை யார் பார்ப்பது, யார் தண்ணீர் கொடுத்தால் குடிப்பது, இந்தக் கேள்விகளுக்கெல்லாம் எந்த ஆஸ்பத்திரியிலும் பதில் இல்லை.

ஒரே ஒரு கட்டில்

1895-ல் ஐடா பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் கடைசி வருஷத்தை அங்கே படித்து 1899-ல் பட்டம் பெற்றாள். பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்டிவரும்படி மிஷன் சொல்லியிருந்தது. ஷெல் என்ற நியூயார்க் பாங்கர் இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலரை ஒரே தடவையில் எழுதிக் கொடுத்தார்.

1900-ன் தொடக்கத்தில் டாக்டர் ஐடா அம்மையார் வேலூர் வந்து சேர்ந்தார். தகப்பனாரின் அருகிலிருந்து தொழில் பழகலாம் என்று எண்ணி வந்தவருக்கு முதல் அடி அங்கேதான் விழுந்தது. அவ்வருஷமே தகப்பனார் காலமானார். முப்பது வயது ஆகாத பெண் தனியே நின்றார். பங்களாவில் ஒரு சிறு அறையில் ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் தொடங்கினார். மருந்து கலக்கவும் நோயாளிகளிடம் பேசவும் சலோமி என்னும் பெண் உதவியாக இருந்தார். கூட வந்த தோழி ஆனி ஹான்காக் வீடு வீடாகப் போய்க் கோஷாப் பெண்களோடு பழகினார். இந்தத் தோழியின் வேலையை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. கதவு உள்ளிருந்து திறக்காத வீட்டில் டாக்டர் வெளியே நின்று என்ன பயன்?

பெண் டாக்டர் வந்துவிட்டால் பெண்கள் ஓடி வந்துவிடுவார்கள் என்று யாரேனும் நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. வீட்டுக்கே வரும்படி கூப்பிட்டார்கள். அதுவும் கடைசி நேரத்தில். அம்மையார் போனார். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், காற்றே புகாத அறையில், மாமியாரும் அத்தையும் சுற்றி நின்று தடுக்கும் நடுவே வேலை செய்தார். தமிழில் பேசிச் சமாதானப்படுத்தினார். பிழைத்த பெண் ஒருத்தி கிணற்றடியில் சொன்ன சொல் நூறு விளம்பரத்துக்குச் சமானமாயிற்று. இரண்டே வருஷத்தில் அவர் பார்த்த நோயாளிகள் 5,000 பேர். 1902-ல் நாற்பது கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

இருந்தும், ஆஸ்பத்திரி கட்டிவிட்டால் போதாது என்பதை அம்மையார் சீக்கிரமே கண்டுகொண்டார். அவர்கள் வராவிட்டால் நாம் போகவேண்டியதுதான். மாட்டு வண்டியில் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் புறப்பட்டார். 1909-ல் ஒரு பெஜோ மோட்டார் வந்தது. அந்த இரைச்சலைக் கேட்டு ஜனங்கள் முதலில் வயலுக்குள் ஓடினார்கள். பிறகு அதே சத்தத்துக்காகச் சாலையோரத்து மரங்களின் கீழ் காலையிலிருந்தே காத்திருந்தார்கள். சிரங்கு, கண்நோய், காய்ச்சல் என்று வந்த கூட்டத்தில், சேலைத் தலைப்பால் வயிற்றை மறைத்துக்கொண்டு கர்ப்பிணிகளும் வந்து நின்றார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வரும்படி மரத்தடியில் சொல்லப்பட்டபோது அதற்கு ஒரு நம்பிக்கை ஏற்பட்டது. தெரியாத கட்டடத்துக்குப் போகத் தயங்கியவள் தெரிந்த மனுஷியிடம் போகத் தயங்கவில்லை.

பதினான்கு பெண்கள்

ஒரு ஐடா போதாது. எத்தனை மோட்டார் வந்தாலும் ஒருத்தி எத்தனை கதவுக்குப் பதில் சொல்ல முடியும்? 1909-ல் நர்ஸுகளுக்குப் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். அடுத்து அவர் கேட்டது, இந்தியப் பெண்களையே டாக்டர்களாக்கும் பள்ளி. சென்னை ராஜதானியின் சர்ஜன் ஜெனரலுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆறு பேராவது கிடைத்தால் நடத்திக்கொள்ளலாம் என்ற பாணியில் அனுமதி கொடுத்தார். வந்த விண்ணப்பங்கள் 151!

1918 ஆகஸ்டு 12-ஆம் தேதி வேலூரில் அந்தப் பள்ளி தொடங்கியது. கட்டடம் கிடையாது, வாடகை இடம். உடற்கூறு கற்பிக்க எலும்புக்கூடும் ஒரு சில புஸ்தகங்களும்தான். அம்மையாரே ஆசிரியர், ஆஸ்பத்திரிக்கும் அவரே. முதல் வருஷத்துத் தேர்வு வந்தது. ராஜதானி முழுவதிலும் ஆண் மாணவர்கள் ஐந்து பேருக்கு ஒருவர் தேறுவதே பெரிதாக இருந்த தேர்வு அது. தோற்றுப்போனால் மனம் தளர வேண்டாம் என்று அம்மையாருக்கு முன்கூட்டியே ஆறுதலும் சொல்லியாயிற்று. ரிசல்ட் வந்தபோது வேலூர்ப் பெண்கள் பதினான்கு பேரும் தேறியிருந்தார்கள். 1922-ல் அவர்கள் படிப்பை முடித்து வெளியே வந்தபோது, திண்டிவனத்தில் அந்த மூன்று கணவர்களும் தேடி அலைந்து காணாத ஜாதி ஒன்று தமிழ்நாட்டில் உருவாகிவிட்டது. நம் பாஷை பேசி, நம் வீட்டு வழக்கம் தெரிந்த பெண் டாக்டர் என்ற ஜாதி.

அதற்குப் பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். 1928-ல் காந்தியடிகள் வந்து பார்த்தார். நகருக்கு வெளியே மலைகளின் நடுவே கல்லூரிக்கு இடம் கிடைத்தது. 1930-களின் பிற்பகுதியில் அரசாங்கம் பழைய எல்.எம்.பி. படிப்பை எடுத்துவிட்டு எம்.பி.பி.எஸ். மட்டுமே செல்லும் என்று விதித்தபோது பள்ளியே மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயதை எட்டிய கிழவி யுத்த காலத்தில் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பல மிஷன்கள் உதவத் தயாராக இருந்தன. பெண்களுக்கென்றே கட்டியதை விட்டுக்கொடுப்பதா என்று அவருடைய பழைய சிநேகிதர்களில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். அம்மையாருக்கும் அது எளிதாக இருந்திருக்காது. கடைசியில் ஒப்புக்கொண்டார். 1942-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கிடைத்தது; 1947-ல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். அந்த விட்டுக்கொடுத்தல் இல்லாவிட்டால் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி கிடையாது. 1946-ல் அம்மையார் ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் போனார். பிற்பாடு முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவர் ஹில்டா லாசரஸ் அம்மையார். அவரும் பிரசவ வைத்தியத்திலேயே பேர்போனவர்.

வேலூர் ஒன்றே எல்லாம் செய்துவிட்டதாகச் சொல்வது நியாயம் ஆகாது. கல்யாண வயதை உயர்த்தின 1929-ஆம் வருஷத்துச் சாரதா சட்டம், பஞ்சாயத்து ஊர்களுக்கு வந்த தாய்சேய் நல விடுதிகள், சைக்கிளிலும் கால்நடையாகவும் சுற்றிய கிராம சுகாதார நர்ஸுகள், கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அரசாங்கம் தரும் மகப்பேற்று உதவித்தொகை, இரவிலும் வரும் 108 வண்டி, எல்லாம் சேர்ந்துதான் வடகரைப் பாட்டியின் பேத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தன. 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார் 54 பேர். இந்தியா முழுவதற்கும் அது 97.

ஆனாலும் பெண்களின் பேச்சு இன்னும் ஓயவில்லை. இப்போது புகார் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அதே குடும்பநலக் கணக்கில், இம்மாநிலத்துப் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சை. வலி கண்ட பெண்ணின் பக்கத்தில் அம்மாவை நிற்கவிடாத வார்டுகள் உண்டு. அதட்டலுக்குப் பயந்து வாய்மூடிக் கிடப்பவர்களும் உண்டு. இதைக் காட்டி, மறுபடியும் வீட்டிலேயே பெறலாம் என்று சிலர் பட்டணத்திலேயே கிளம்பியிருக்கிறார்கள். 2018-ல் திருப்பூரில் டாக்டரும் நர்ஸும் இல்லாமல், காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவத்துக்கு முயன்ற ஓர் இளம் தாய் உதிரப்போக்கால் இறந்தார். உத்தரத்துக் கயிறும் தாயின் மடியும் வேண்டும் என்ற ஆசையில் பிசகில்லை. கழுவின கையும் ரத்தமும் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பதில்தான் விட்டுக்கொடுக்க முடியாது. ஐடா அம்மையார் மரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது இரண்டையும் சேர்க்கவே பார்த்தார்.

அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொடைக்கானல் மலையில் 1960 மே 24-ஆம் தேதி தம் எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார். 1902-ல் பெண்களுக்காக எழுப்பிய ஷெல் ஆஸ்பத்திரி வளாகம் வேலூரில் இன்னும் இருக்கிறது. பிரசவ அறைகள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வெகு காலம் ஆயிற்று. இப்போது அது கண் ஆஸ்பத்திரி.